லீவு லெட்டர்

மஞ்சக்குட்டை எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், புரோகிராம் எழுதப் போயிருந்தேன். அங்கிருந்த வயதான டைப்பிஸ்ட் அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஒரு நோட்டீஸ் முழுவதையும் வரி கலையாமல் கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் சேமித்து வைத்து, அந்தப் பெயரை அடித்ததும் அப்படியே திரையில் வருவதை அவருக்குக் காட்டினேன்.

பையிலிருந்து மடிப்பு கிழிந்த தாளை எடுத்தார். அவர் மகள் இங்கிலீஷில் எழுதிய லீவு லெட்டர். காய்ச்சலுக்கு ரெண்டு நாள் கேட்டிருந்தாள். ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்பும் முன்பே இறந்துவிட்டாள்.

"ஏனுங்க, இதையும் அப்படி வெக்க முடியுங்களா? தாளு நொம்ப நாள் தாங்காதுங்க."

அடித்தேன். ஓரிடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்தப் போனபோது கையைப் பிடித்தார்.

"திருத்தாதீங்க சாமி. அவ எழுதுனபடியே இருக்கட்டும்."

என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால், மகள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.