அத்தை விட்டுப்போன செடி

எங்கள் அப்பா ஒரு செடியைக் கொல்லப் பார்க்கிறார் என்பதை மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கண்டுபிடித்தேன்.

அது அத்தையின் செடி. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் சின்னத் தொட்டியில் அதை வாங்கிவந்து, எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் வைத்து, ஏறுவதற்குத் தேங்காய்நார் சுற்றிய கம்பும் நட்டுவைத்தாள். பிறகு ஒருநாள் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "அவ பேச்சை இந்த ஊட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. செடியை என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, கிடந்து காயட்டும் என்றார்.

அது காயவில்லை. ஆளுயரம் தாண்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. ஆனால் புதிதாக வந்த இலைகள் முறம் அளவுக்கு இருந்தும் ஓரமெல்லாம் கிழிந்திருந்தன. கத்தரித்தது போலச் சுத்தமான கிழிசல். வீட்டுக் கத்தரிக்கோல் அப்பாவின் மேசையில்தான் இருக்கும். எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். அடுத்து அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

அம்மா ஓர் இலையைப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் துடியலூர்ப் பக்கம் ஒரு நர்சரிக்குக் கூட்டிப் போனாள். நாங்கள் மணி பிளான்ட் என்று சொல்லிவந்ததை நர்சரிக்கார அக்கா மான்ஸ்டெரா என்றாள். வளர வளர இலை அப்படிக் கிழிந்துதான் வருமாம். அப்பா மேல் இருந்த ஒரு குற்றச்சாட்டு அங்கேயே தள்ளுபடி ஆனது. மஞ்சளுக்குத்தான் காரணம் வேறு. "தண்ணி அதிகமுங்க. மேல்மண்ணு காஞ்சப்புறம் ஊத்துங்க. இல்லீனா வேர் அழுகிச் செத்துப்போயிரும்." அப்பா இல்லாத நேரம் பார்த்து வாரம் ஒருதரம்தான் ஊற்றுகிறேன் என்று அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

அப்படியானால் மிச்சத்தை ஊற்றுவது யார்? மறுநாள் காலை அம்மா பால் வாங்கப் போனதும் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அப்பா சொம்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். அதோடு விடாமல், தோளில் கிடந்த துண்டால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தார். டிவி பார்த்து வளர்ந்த எனக்கு, கைரேகையை அழிக்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது.

வாசலிலேயே அம்மாவை நிறுத்திச் சொன்னேன். அவள் பால் பாக்கெட்டும் கையுமாகக் கூடத்து ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "இனி நான் ஊத்தல அம்மணி. நீயும் கண்டுக்காதே" என்றாள். அவளும் உடந்தையாகிவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது. அன்று சாப்பாட்டின்போது, மேல்மண் காய்ந்தபிறகு ஊற்றினால் போதுமாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கொஞ்ச நாளில் மஞ்சள் நின்றது. ஒரு காலையில், சுருட்டிய பாயைப் போல இருந்த தளிர் பிரிந்து புது இலை வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் முன்னால் போய் நின்று, "அத்தை செடி பொழச்சுக்கிச்சுங்கப்பா" என்றேன். அத்தை என்ற சொல்லை அந்த வீட்டில் அத்தனை காலமாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா திட்டவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. தோற்றுப்போனவர் அழத்தானே செய்வார் என்று நான் அவரை மன்னித்துவிட்டேன்.