மலைக்குப் போகுமுன் படிக்கட்டில் விழுந்தேன்

சிங்கப்பூரில் மலை ஏது? மலேசியாவில் நடக்கும் ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பதிந்துவிட்டு, ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பதினாறு மாடிப் படிகளில்தான் பயிற்சி செய்தேன். மூச்சு வாங்கும்போதெல்லாம் மூடுபனி சூழ்ந்த உச்சியை நினைத்துக்கொள்வேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிறு காலை முப்பது முறை ஏறி இறங்குவதென்று கிளம்பினேன். கைப்பேசியை எடுத்துக்கொள்ளவில்லை. வியர்க்க வியர்க்க வெறும் தண்ணீரையே குடித்தேன். இருபதாவது முறை, பதினோராம் மாடியில் தலை சுற்றி விழுந்தேன். கூப்பிடக் குரல் எழும்பவில்லை. எல்லோரும் லிஃப்டில் போகிற கட்டடத்தில் படிக்கு யார் வருவார்கள்?

நேரமாகியும் காணோமே என்று என் கணவர் மாடி மாடியாகத் தேடி வந்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

"நீ ஓடுறத நான் வேணாம்னு சொல்லல லா. ஹேண்ட்போனையாவது எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார்.

உடலில் உப்பு குறைந்துவிட்டது, இரண்டு மாதம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். போட்டியன்று தோழி அனுப்பிய மலைப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர் எப்படியிருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்த போட்டிக்குப் பதிந்திருக்கிறேன். இப்போது கைப்பேசி இல்லாமல் படியில் கால் வைப்பதில்லை. ஐந்து முறைக்கு ஒருமுறை வீட்டு வாசலில் நின்று, கணவர் நீட்டும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குகிறேன்.

– ஆங் மோ கியோ வாசகி