வெங்காயம் தூங்கும் தொட்டில்

"சுவத்துக்கிட்ட பேசினாக்கூட ஒரு பல்லி பதில் சொல்லும். இந்த மனுசன் காதுல ஒண்ணுமே ஏறாது லா!"

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பவுனம்மாள் இதைச் சொல்லாமல் ஒரு நாளும் விளக்கேற்றியதில்லை. குரல் மூக்கில் ஆரம்பித்து, மேலே ஏறி, 'ஏறாது' வந்ததும் ஓர் இழுப்பு. அந்த இழுப்பு இல்லையென்றால் பேசுவது வேறு யாரோ.

அந்த மனுசன் அவள் புருஷன் பக்கிரிசாமி. தண்டவாளம் தூக்கும் கூட்டத்துக்கு அவன்தான் பாட்டுக்காரன். அவன் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் 'ஐலசா' போட்டு இரும்பை எழுப்புவார்கள். வீட்டிலோ வாயே திறக்கமாட்டான். அவள் திட்டத் திட்ட, கண்ணை மூடி மங்குக் குவளையில் விரலால் தாளம் போடுவான். தாளம் வேகம் பிடித்தால் திட்டும் வேகம் பிடிக்கும். அரிசியில் கல், கூரையில் ஓட்டை, அவன் மீசை என்று ஒரு சுற்று வந்து, தாளம் விழும் இடத்தில் சரியாக, "சோறு ஆறுது, வந்து தொலைங்க!" என்று முடிப்பாள். இருவரும் சிரித்துவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக் கச்சேரி அதுதான்.

காதில் ஏறாத மனுசனிடம் ஒரு வசதியும் உண்டு. ஒருவரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லலாம். ஒரு சாயங்காலம் குரலை இறக்கிச் சொன்னாள்: "தொட்டில் வாங்கினேன். வெங்காயம்தான் தூங்குது."

கல்யாணமாகி, கடல் தாண்டி இங்கே வந்த புதிதில் ஆசையாக வாங்கிய மரத்தொட்டில். பிள்ளை வரவில்லை. அடுப்படியில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் பக்கிரிசாமி சோற்றுச் சட்டியை மறந்துவிட்டு வேலைக்குப் போனான். ஆற்றுப் பாலத்துப் பக்கம்தான் வேலை. எடுத்துக்கொண்டு போனாள். தூரத்திலேயே குரல் கேட்டது.

"அரிசியில கல்லு!"

"ஐலசா!"

"கூரையில ஓட்டை!"

"ஐலசா!"

பாடியது பக்கிரிசாமி. ஆனால் அவள் குரல், அவள் இழுப்பு. 'திருட்டு மனுசன், எல்லாத்தையும் கேட்டிருக்கு!' பவுனம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது.

"தொட்டில் வாங்கினேன்!"

"ஐலசா!"

"வெங்காயம் தூங்குது!"

ஆட்கள் சிரித்தபடியே தூக்கினார்கள். மேற்பார்க்கும் மண்டோர் அம்புரோஸ் அவளைப் பார்த்துவிட்டான். "வாங்கக்கா! உங்க வெங்காயம் வந்தாத்தான் நம்ம பசங்களுக்கு இடுப்பே நிமிருது!"

சட்டியைச் சரளைக் கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதன்பிறகு வீட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, திட்டு வரவில்லை. குவளையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். வேலையிடத்திலும் புது வரி இல்லை. "என்னாய்யா, தேஞ்ச கிராமபோன் பிளேட்டு மாதிரி பழசையே போடுற?" என்றான் அம்புரோஸ்.

கடைசியில் பக்கிரிசாமி அடுப்படி வாசலில் வந்து குந்தினான். "பவுனு, ஒரு வார்த்தை திட்டிடு புள்ள. அந்த வரிய இனிமே எடுக்க மாட்டேன். என் மீசையத் திட்டேன். காதுல ஏறாது ஏறாதுன்னியே, ஒண்ணு விடாம கேட்டிருக்கேன் பாரு!"

அவள் தொட்டிலிலிருந்த வெங்காயத்தையெல்லாம் முறத்தில் கொட்டினாள். அதற்கப்புறமும் அவனோடு அவள் பேசினாள்தான்: உப்பு, விறகு, மழை. ஆனால் அந்த இழுப்போடு அவள் கடைசியாகப் பேசியது அன்றைக்குத்தான்:

"கேக்காத மனுசன்னு நம்பித்தானேய்யா அதச் சொன்னேன்! சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா பல்லியோட போயிருக்கும். உங்ககிட்ட சொன்னேன், தண்டவாளத்துல ஏத்தி கிள்ளான் டேசன் வரைக்கும் அனுப்பிட்டீங்க. புது வரி வேணும்னா, ஐலசா போட்டாங்களே, அவங்க பொண்டாட்டிங்க வாயில போய்ப் பொறுக்குங்க. சோறு ஆறுது. தாளம் போடாம தின்னுங்க."