உபதேசியார் வைத்த சிவப்புப் புள்ளிகள்

கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. நீலப் பென்சிலில் பெயர்கள். சிலவற்றின் மேல் சிவப்புப் புள்ளி. ஏழெட்டு வருடங்களுக்கு முன், எழுபதுகளின் கடைசியில், எங்கள் பூர்வீகக் கோயிலின் உபதேசியார் எழுதித் தந்தது.

என் மகளைப் பழங்காநத்தத்தில் இருக்கும் தங்கையின் மகனுக்குக் கொடுப்பதென்று, அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு. அத்தை மகனைக் கட்ட எங்கள் திருச்சபையில் ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கு இரு வீட்டு வம்சாவளியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். “நம்ம பிள்ளைகளுக்கு நாம முடிக்க, காகிதம் கேக்குறாகளாண்ணே?” என்று தங்கை சிரித்தாள். அந்தக் காகிதத்துக்காகத்தான் டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் இருந்த அந்தக் கோயிலுக்குப் போனேன்.

உபதேசியாரின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல்தான் காது. பதிவேட்டைத் தொடுமுன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொள்வார். “அனுமதிக்கு மூணு தலைமுறை போதும் வாத்தியாரே. இம்புட்டுத் தூரம் வந்தீக, பூட்டனையும் பாத்துட்டுப் போங்க” என்றார்.

பூட்டன் பேரையூர்ப் பக்கத்துப் புஞ்சைக்காரர். அவர் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததும் பங்காளிகள் போக்குவரத்தை நிறுத்தியது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. அதன் மிச்சம் திருமணப் பதிவேட்டில் இருந்தது. சாதியையும் விடவில்லை, வேதத்தையும் விடவில்லை. இரண்டும் ஒத்துவந்த குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் மூன்றே மூன்று. அவற்றுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தார்கள். உபதேசியார் எழுதிய வம்சாவளியில், விரிந்து போக வேண்டிய கோடுகள், பென்சில் கீழே இறங்க இறங்க, ஒன்றையொன்று நோக்கித் திரும்பின. “என்ன வாத்தியாரே, கிளை விடும்னு பாத்தா கயிறுல்ல திரியுது” என்று சிரித்தார்.

பூட்டன் இறந்த வருடம் தேடி அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம். முதலில் கிடைத்தது அவருடைய பேரன் ஒருவன், வயது பதினொன்று. காரணம் எழுதும் கட்டத்தில், ‘கால் விளங்காமல் கிடந்து’. பிறகு ஒரு பெண், பதின்மூன்று. எழுதிய கை மாறியிருந்தது, சொற்கள் மாறவில்லை. மொத்தம் ஐந்து பேர். அம்மையில் போன பிள்ளைகள் என்றுதான் வீட்டில் சொல்லிக் கேட்டிருந்தேன். உபதேசியார் சிரிப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயர் மேலும் புள்ளி வைத்தார்.

“இதையும் ஆயருக்கு அனுப்பணுமா?” என்று கேட்டேன்.

“அவுக கல்யாணத்தைத்தான் கேப்பாக. சாவைக் கேக்க மாட்டாக.” பதிவேட்டை மூடிவிட்டு, “அதை நீங்கதான் கேக்கணும்” என்றார். புள்ளியில்லாமல் இன்னொரு தாள் எழுதி, இரண்டையும் என் கையில் கொடுத்தார்.

பேருந்து முழுக்க, தங்கையிடம் எப்படிச் சொல்வதென்று வார்த்தை கூட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் அவள் கல்யாணப் பட்டு எடுத்து வந்து மகள் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயருக்கு அனுப்பப் புள்ளியில்லாத தாளைக் கொடுத்தேன். அனுமதி வந்தது.

பேரனுக்கு இப்போது ஐந்து வயது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தவன், முழங்காலில் கை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டான். “கெழவனாட்டம் எந்திரிக்கிறதப் பாருங்கண்ணே” என்று தங்கை சிரித்தாள். மகளும் சிரித்தாள். அப்புறம், “அடிக்கடி விழுறான்ப்பா. அடுத்த திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

நாளை திங்கட்கிழமை. தாளை எடுத்து வைத்திருக்கிறேன். மகள் பெயரும் மருமகன் பெயரும் சேரும் கோட்டுக்குக் கீழே உபதேசியார் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று டாக்டர் கேட்பார். இல்லை என்று என் மகள் நம்பிச் சொல்வதற்குள் நான் இதை நீட்டியாக வேண்டும்.