அம்மாவுக்காக நடத்திய வழக்கு

அப்பா செத்த பிறகுதான் அம்மா சுருட்டுப் பிடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு நோய். அப்பாவைக் கொண்டுபோனதும் அதே சுருட்டுதான். இருமி முடித்ததும் மறுபடி இழுப்பாள். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. நான் கத்திப் பார்த்தேன், தீப்பெட்டியை ஒளித்தேன். அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்துக்கொண்டாள். பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை.

கும்பகோணத்து டாக்டர், "இதை விடலேன்னா பொழைக்க மாட்டீங்கம்மா" என்றார்.

"பொழைச்சு எதுக்குங்க? வழக்கும் முடிஞ்சுபோச்சு, அவரும் போயிட்டாரு. காலையில எதுக்குன்னு எழுந்திருக்கறது?"

அவள் சொன்ன வழக்கு எங்கள் குத்தகை நிலத்துக்கானது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்த சமயத்தில் மிராசுதார் எங்களை வெளியேற்றப் பார்த்தார். அறுக்க வந்த அவருடைய ஆட்களை அரிவாளோடு வரப்பில் மறித்தவள் அம்மா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டில் முதல் ஆளாக நிற்பாள். வழக்கில் ஜெயித்தோம். கொஞ்ச நாளில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மிராசுதார் மகன் மெட்ராஸ்ல அப்பீல் போட்டுட்டான்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வரட்டும் அவன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்டாள். மடியிலிருந்த சுருட்டுக் கட்டை அடுப்பில் போட்டாள். சாட்சி சொல்ல மூச்சு வேண்டுமாம்.

இல்லாத வழக்கைப் பல வருஷம் நடத்தினேன். வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஜட்ஜ் மாறிவிட்டார் என்று வாய்தாவைத் தள்ளிக்கொண்டே போனேன். அவளுக்கு நெஞ்சு குணமாகவில்லை. ஆனாலும் நடவுக்கு வந்து நின்று வேலை வாங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கனவில் தீர்ப்பு வரும், தோற்றுப்போய் விழித்துக்கொள்வேன்.

கடைசியில் படுத்த படுக்கையானாள். மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. மண்ணாசை என்று சொல்லி உறவுக்காரர்கள் வயல் மண்ணைக் கரைத்து வாயில் விட்டார்கள். அது கடைவாயில் வழிந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் போய்விடுவாள் என்பதும் தெரியும். சொல்ல மனசு வராமல் ஒரு பகல் முழுக்க அவளை அப்படியே தவிக்க விட்டேன்.

பிறகு காதருகே குனிந்தேன். "அம்மா, தீர்ப்பு வந்துடுச்சு. ஜெயிச்சுட்டோம்."

"நெசமாவா?"

"நெசந்தாம்மா."

"அப்ப சரிடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.