மொக்கையனின் இருபத்தைந்தாவது வரிசை

சிலமலை மொக்கையனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. காக்கிச் சட்டை போட வேண்டும். போலீஸ்காரர் போடுகிற காக்கி அல்ல; அதைக் கண்டால் அவனுக்கே பயம். விவசாய இலாகாவில் நிரந்தரக் காவலாளுக்குக் கொடுப்பார்களே, இரண்டு பை வைத்தது, அந்தக் காக்கி. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. என் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது தபால்காரர் போனால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டான், சட்டைப் பையைப் பார்ப்பான். அதை வைத்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

நான் சிக்கந்தர். போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். காயை வெளுப்பாக்கக் கந்தகப் புகை போடுவோம் என்பதால் கடையில் எப்போதும் கந்தகம் இருக்கும். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கந்தகமும் கூடவே நுழைகிறது என்று என் மனைவி ருக்கையாவுக்கு இன்றுவரை வருத்தம். சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் விதைச்சோளத்தில் கலக்கவும் என்னிடம்தான் கந்தகம் வாங்குவார்கள். சோளத்துக்குக் கரிப்பூட்டை என்று ஒரு நோய் உண்டு. கதிர் தள்ளும்வரை பயிர் பச்சைப் பசேலென்று நின்று ஆளை ஏமாற்றும். கதிரைக் கையில் வைத்துத் தேய்த்தால் மணிக்குப் பதிலாகக் கறுப்புப் பொடி கொட்டும். விதையில் ஒட்டிக்கொண்டு வருகிற நோய் அது. விதைப்பதற்கு முன் விதையைப் பானையில் போட்டுக் கொஞ்சம் கந்தகத்தூளைத் தூவிக் குலுக்கினால் போதும், வராது.

நாற்பத்தேழாம் வருஷம் மொக்கையன் கந்தகம் போடாமல் விதைத்தான். இரண்டு ஏக்கரும் கரியானது. அந்த வருஷம் அவனும் அவன் மனைவி கருத்தம்மாவும் என்ன சாப்பிட்டு உயிரோடு இருந்தார்கள் என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கந்தகம் போடாத விதையை அவன் கை தொட்டதில்லை.

ஐம்பத்துநாலாம் வருஷம் விவசாய இலாகா சிலமலைக்குக் கிழக்கே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளப் பரிசோதனை தொடங்கியது. அதற்குப் பொறுப்பாக ஞானதுரை என்பவர் வந்தார். நாசரேத் பக்கம். ஒல்லியான ஆள். மழையே பெய்யாத ஊரில் எந்நேரமும் குடையோடு திரிவார். காவலுக்கும் களையெடுப்புக்கும் குருவி விரட்டவும் தினக்கூலியாக மொக்கையனைச் சேர்த்துக்கொண்டார்.

ஞானதுரை ஒருநாள் கடைக்கு வந்து பரிசோதனை என்னவென்று எனக்கு விளக்கினார். கோயம்புத்தூரிலிருந்து இருபத்திநாலு பொட்டலம் விதை வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சாதிச் சோளம். அதில் எது கரிப்பூட்டையைத் தானாகத் தாங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அதை நல்ல விளைச்சல் தருகிற சோளத்தோடு சேர்த்து, நோயும் வராத, மூட்டையும் குறையாத புதுச்சோளம் உண்டாக்கலாம். தாங்குகிறதா என்று தெரிய முதலில் நோயைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு சீசா நிறையக் கரிப்பூட்டைப் பொடியை ரயிலிலும் பஸ்சிலும் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்.

"இது லேசுல கிடைக்காது, பாய்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது இலவசமாகவே கிடைக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், இருபத்திநாலு பொட்டலத்திலும் அந்தக் கரியைப் போட்டுப் பிசறினார். மொக்கையன் பக்கத்தில் நின்று பார்த்தான். கடைசியாக இருபத்தைந்தாவது பொட்டலம். அதில் சிலமலை ஊர்ச்சோளம். அதற்கும் கரி பூசிவிட்டு ஞானதுரை சொன்னார்: "இதுக்கு நோய் நிச்சயம் வரும், மொக்கையா. வந்தாத்தான் நம்ம கரி நல்ல கரின்னு அர்த்தம்." பொட்டலங்களை மொக்கையனிடம் ஒப்படைத்து, காலையில் விதைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மொக்கையன் என் கடைக்கு வந்து ஒரு கை கந்தகத்தூள் வாங்கினான்.

"எங்கப்பா விதைக்கப் போற?" என்றேன்.

"ஒரு சோலி இருக்குண்ணே" என்றான்.

கொடுத்தேன். இந்த விவகாரத்தில் என் பங்கு அவ்வளவுதான். ஆனால் அது சின்னப் பங்கு இல்லை என்று பிறகு தெரிந்தது.

தை பிறந்தது. இருபத்திநாலு வரிசையும் முத்து முத்தாக மணி பிடித்து நின்றன. இருபத்தைந்தாவது வரிசை மட்டும் அடியிலிருந்து நுனிவரை கரி. ஞானதுரை ஒவ்வொரு கதிராகத் தேய்த்துப் பார்த்தார். நம்பாமல் மறுநாளும் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் மேலிடத்துக்கு எழுதினார். ஜீப்பில் ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கி, தானும் தேய்த்துப் பார்த்து, சுத்தமாக இருந்த தன் உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார். வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டி, அடுத்த வருஷம் இந்த விதை எல்லோருக்கும் உண்டு, இனி விதைக்குக் கந்தகமே வேண்டாம் என்றார். ஊர் கை தட்டியது. அதே சூட்டில் மொக்கையனை நிரந்தரமாக்கவும் உத்தரவானது. போடியிலிருந்து தையல்காரர் வந்து அவன் மார்புக்கு அளவெடுத்தார். அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதாகத் தையல்காரர் என்னிடம் சொன்னார்.

நாலாம் நாள் மொக்கையன் கடைக்கு வந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான். இன்னொரு செம்பு கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு வாங்கிட்டுப் போன கந்தகம்…"

"ஏன், கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே, நல்லா வேலை செஞ்சிருச்சு. அந்தப் பொட்டலத்துக்கெல்லாம் போட்டுட்டேன். கரியப் பூசுன விதைய எப்படிண்ணே மண்ணுல போடுறது? கை வரல."

"அப்ப அந்த இருபத்தஞ்சாவது மட்டும் எப்படிடா கரியாச்சு?"

"அதுக்குப் போடல. இருந்தது ஒரு கைத் தூளு. மத்ததுக பூராம் வெளியூர்ல இருந்து வந்த விருந்தாளி. நம்ம ஊர்ல வச்சு அதுகளுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதுல்ல? ஊர்ச்சோளம் நம்ம வீட்டுப் பிள்ளை, பொறுத்துக்கும்னு விட்டுட்டேன்."

அவன் அப்படித்தான். வீட்டில் விருந்தாளி இருந்தால் கருத்தம்மாவுக்கும் அவனுக்கும் அன்று கஞ்சி கிடையாது. ஆனால் அந்தப் பழக்கத்தைச் சோளத்திடமும் காட்டுவான் என்று யார் நினைத்தார்கள்? ஒரு வரிசைக்கும் போடாமல் இருந்திருந்தால் பரிசோதனை ஒழுங்காக நடந்திருக்கும். எல்லாவற்றுக்கும் போட்டிருந்தால், ஊர்ச்சோளமே தப்பித்துவிட்டதைப் பார்த்து ஞானதுரைக்கே சந்தேகம் வந்திருக்கும். மரியாதை தெரிந்தவன் செய்த காரியத்தால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் வியாபாரி. என் புத்திக்குத் தோன்றியதைச் சொன்னேன். "யாருக்கும் தெரியாதுல்ல? வாய மூடிக்கிட்டுச் சட்டையப் போட்டுக்க." இதைச் சொன்னதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அவன் செம்பைக் கீழே வைத்தான். "பொட்டிபுரத்துல எந்தங்கச்சி இந்த விதைதான் வேணும்னு பேர் கொடுத்துருக்காண்ணே. கந்தகம் வேணாம்னு அதிகாரியே சொல்லிட்டாரு. போடாமத்தான் விதைப்பா. வெளஞ்சு வர்றப்ப கரியால்ல இருக்கும்? சட்டைய வாங்கிட்டு அப்புறம் சொல்லலாமான்னும் யோசிச்சுப் பார்த்தேன். அது சரியா வரல."

எழுந்து நடந்தான். கந்தகம் என் கடையுடையது என்பதால் நானும் கூடப் போனேன்.

ஞானதுரை விதைப் பைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மொக்கையன் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். ஞானதுரை பேனாவை மூடி வைத்தார்.

"இருபத்திநாலுக்குமா?"

"ஆமாங்கய்யா."

"ஒண்ணுகூட விடலையா?"

"விடலைங்கய்யா. ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கொறைய இல்லாமச் சரிசமமாப் போட்டேன்."

ஞானதுரை வெளியே போய் அறுத்த சோளத்தாள் நடுவே இரண்டு சுற்று நடந்தார். குடையை விரிக்க மறந்திருந்தார். பதவி உயர்வு வரப்போகிறது என்று சொந்த ஊரில் இருந்த மனைவி லில்லிக்கு அவர் கடிதம் போட்டிருந்தது எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மொக்கையனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்க கந்தகம் நல்ல கந்தகம்தான், பாய்" என்றார்.

பிறகு எங்கள் முன்னாலேயே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பரிசோதனை செல்லாது, விதையை யாருக்கும் கொடுக்க வேண்டாம், கவனக்குறைவு தன்னுடையது. மொக்கையன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அவனைப் போகச் சொல்லவும் இல்லை. "இந்தத் தப்பை ஒத்துக்கிற ஆள் எனக்கு இன்னொருத்தன் கிடைக்கமாட்டான்" என்று என்னிடம் பிறகு சொன்னார். பதவி உயர்வு வரவில்லை. காக்கிச் சட்டையும் வரவில்லை. விதை கேட்டுப் பெயர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஞானதுரை குடையோடு நடந்து போய், கந்தகத்தை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். கூடவே மொக்கையனும் போனான். ஏச்சு முழுவதையும் அவன்தான் வாங்கினான்.

அடுத்த புரட்டாசியில் மறுபடி பரிசோதனை. கரிக்குப் பஞ்சமில்லை, போன வருஷத்து ஊர்ச்சோளமே ஒரு சீசா நிறையக் கொடுத்திருந்தது. இந்தத் தடவை ஞானதுரை பூசவில்லை. சீசாவை மொக்கையன் கையில் கொடுத்தார். அவன் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துப் பூசினான். பூசப் பூசக் கண்ணீர் ஓடியது. கை இரண்டும் கரி என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

தையில் ஊர்ச்சோளத்தோடு சேர்த்து இருபத்திமூன்று வரிசை கரி. இரண்டு வரிசை மட்டும் சுத்தம். ஜீப்பு எதுவும் வரவில்லை. யாரும் கை தட்டவில்லை. அந்த இரண்டின் கதிரும் மெலிந்து கிடந்தது. ஒரு வரிசையை அடித்தால் ஒரு வேளைக் களிக்கு வராது. ஞானதுரைக்கு அது போதுமாக இருந்தது. இதை வேறொரு நல்ல சோளத்தோடு சேர்த்து, அதன் பிள்ளைகளில் பொறுக்கி, அதிலும் பொறுக்கி, ஏழெட்டு வருஷம் ஆகும் என்றார். ஏழெட்டு வருஷத்தை அடுத்த வெள்ளிக்கிழமை மாதிரிச் சொன்னார்.

அந்த வேலை இன்னும் நடக்கிறது. மொக்கையனுக்குக் காக்கிச் சட்டை ஐம்பத்தெட்டில்தான் வந்தது. பழைய அளவுக்குத் தைத்தது. அன்று மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததால் இப்போதும் மார்பில் தொளதொளவென்று நிற்கிறது. இரண்டு பையில் ஒன்றில் பீடி, ஒன்றில் தீப்பெட்டி.

நான் சொல்ல வந்தது சட்டையைப் பற்றி அல்ல. இரண்டு வரிசை தப்பித்த அந்த வருஷத்துக்கு அடுத்த விதைப்பு. சுத்தமான கதிரின் மகரந்தத்தை எந்தச் சோளத்தில் சேர்ப்பது என்று ஞானதுரை ரொம்ப யோசித்தார். இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது ஊர்ச்சோளம் ஒன்றுதான், அதுதான் தாய்ச்செடி என்று முடிவு செய்தார். தாய் நோயில்லாமல் வளர வேண்டும்.

மறுநாள் காலை நான் கடை திறக்கும் முன்பே மொக்கையன் வாசலில் நின்றான்.

"அண்ணே, கந்தகத்தூளு."

எனக்குச் சுருக்கென்றது. "ஐயாகிட்டச் சொல்லிட்டியா?"

"அவருதாண்ணே அனுப்புனாரு. ஊர்ச்சோளத்துக்கு."

ஒரு கை அள்ளிக் காகிதத்தில் கொட்டினேன். அவன் கையை நீட்டாமல் நின்றான்.

"இன்னும் ஒரு கை போடுங்கண்ணே."

"ஒரு வரிசைக்கு இதே அதிகம்டா."

"தெரியும்ணே. அன்னைக்குப் போடாததுக்கும் சேத்து."

இன்னொரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.