குணா அண்ணையின் திங்கட்கிழமைத் தீர்ப்பு

குணா அண்ணை போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி பரா ஐயா. திங்கட்கிழமை பிற்பகல், அலுவலகத்தில் இருந்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்குள் எங்கள் வாட்சப் குழுவில் குணா அண்ணையின் குரல் வந்திருக்கும். அந்த வார அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் எந்தப் பயிற்சியாளர் கெட்டிக்காரர், எவர் மூட்டை கட்ட வேண்டியவர் என்ற தீர்ப்பு. அன்று போன்தான் அடித்தது. "பிள்ளை, ஒப்பரேசன் சரிவரேல்லை. குணா போயிட்டான்" என்றார் பரா ஐயா. கோட்டை மாட்டிக்கொண்டு, லண்டனின் தெற்கே அவர் வீடிருந்த சட்டனுக்கு ரயில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த சட்டன் வீட்டில் கூடிய உங்களுக்கு இதில் பாதி தெரிந்ததே. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அவரைச் சந்தித்தது குரோய்டன் டிராமில். தலையில் ஓர் அமெரிக்க அணியின் தொப்பி. அதுவும் எந்த அணி? வருஷா வருஷம் தோற்பதையே தொழிலாக வைத்திருந்த ஓர் அணி. வேலைக்காக அமெரிக்காவில் இருந்த காலத்தில் எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டியிருந்தது. வாய் சும்மா இருக்குமா? "உங்க டீம் இந்த வாரமும் தோத்துடுச்சே சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோத்தது சரி தங்கச்சி. ஆனா பிழையா விளையாடித் தோத்தவங்களோ, சரியா விளையாடித் தோத்தவங்களோ? அதை முதல் சொல்லும்" என்றார். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில், அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றை ஒட்டிய உணவகத்தில் சமையல் வேலை பார்த்திருக்கிறார். அங்கே சிப்பாய்களோடு பார்க்கத் தொடங்கிய ஆட்டம் இது. "இது தமிழருக்கெண்டே செய்த விளையாட்டு. ஒரு நிமிசம் ஓட்டம், அஞ்சு நிமிசம் கதை" என்பார்.

அவர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. இந்த விளையாட்டில் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புத் தருவார்கள். மூன்றில் முடியாவிட்டால், பெரும்பாலான அணிகள் நான்காவதில் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துவிடும். அது பத்திரமான வழி. துணிந்தவர்கள் நான்காவதையும் ஓடிப் பார்ப்பார்கள். தவறினால் நின்ற இடத்திலேயே பந்து பறிபோகும். உதைப்பதா, ஓடுவதா என்று பந்து அசையுமுன் நாங்கள் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பிறகு சொல்பவருக்குத் தேநீர் கிடையாது. "முடிவு தெரிஞ்சாப் பிறகு சொன்னா அது கருத்தில்லை, செய்தி. செய்தியை நான் பேப்பரில பாப்பன்" என்பார். அவர் மனைவி ரஞ்சி அக்காவுக்கு ஆட்டம் ஒன்றும் விளங்காது. ஆனால் தேநீர் விஷயத்தில் கணவரின் சட்டத்தை ஈவிரக்கமின்றி நிறைவேற்றினார்.

ஒரு முறை அவருடைய அணியே வென்றது. கடைசி நேரத்தில் பயிற்சியாளர் துணியாமல் பந்தை உதைக்கச் சொல்ல, எதிரணிக்காரன் அதைப் பிடிக்கும்போது நழுவவிட, பந்து நம் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் சோபாவில் ஏறிக் குதித்தோம். குணா அண்ணை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தீர்ப்பு வந்தது. "வெண்டிட்டம் எண்டு ஒருத்தரும் துள்ளவேண்டாம். அது அவையள் விட்ட பிழையால வந்த வெற்றி. எங்கட ஆள் என்ன செய்தவர்? கையைக் கட்டிக்கொண்டு ஓரமா நிண்டவர். பயந்தாங்கொள்ளி. உந்த மனிசனை இந்த வருசத்தோட வீட்டுக்கு அனுப்பவேணும்."

போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. எங்கள் குழுவுக்குப் போகவேண்டியது அவரும் உறுப்பினராயிருந்த கோயில் நிர்வாகத்தின் வாட்சப் குழுவுக்குப் போய்விட்டது. அந்த வாரம்தான் கோயிலின் கார் நிறுத்தத்துக்கு கவுன்சில் அனுமதி கிடைத்திருந்தது. அதுவும் எதிர்த்த அயலவர்கள் மனுவைப் பிந்திக் கொடுத்ததால் கிடைத்தது. கோயில் தலைவர் பரா ஐயா. கேட்டவர்களில் இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தி ஆமோதித்தார்கள். ஒருவர் இதை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பரா ஐயா சண்டைக்கே வந்துவிட்டார். அப்போது ஆட்டத்தில் நான்காவது வாய்ப்பு. குணா அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாங்கோ ஐயா, இருங்கோ. உதைக்கிறதோ, ஓடுறதோ? கெதியாச் சொல்லுங்கோ." பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கி வந்த மனிதர் வேறென்ன சொல்வார்? "ஓடு!" என்று கத்தினார். ஓடினார்கள், தவறிவிட்டார்கள். "ஆனா நீங்கள் சொன்னதுதான் சரி ஐயா" என்று குணா அண்ணை தேநீரை நீட்டினார். அதன் பிறகு பரா ஐயா ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மாத்திரையோடு இருந்தால் இதயம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும். கத்தி வைத்தால் பழையபடி நடக்கலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். செய்துகொள்ளச் சொன்னது ரஞ்சி அக்கா. போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, குணா அண்ணை என்னிடம் கேட்டார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"வேண்டாம்னுதான் சொல்றேன் அண்ணே. மாத்திரையோடவே இருந்துடுங்க."

"இருந்து? யன்னலால றோட்டைப் பாக்கவோ? படி ஏறேலாது, கார் ஓடேலாது. ரஞ்சியும் நானும் வடிவா யோசிச்சனாங்கள். இண்டைக்குத் தெரிஞ்சதை வைச்சு இது சரி. நாளைக்கு என்ன நடந்தாலும் இது பிழையாகாது." பிறகு என்னைக் காட்டி, அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா பந்து அசைய முன்னமே சொல்லிப்போட்டா. பிளாஸ்கில இருக்கிற தேத்தண்ணியை இவவுக்குக் குடு."

எட்டாம் நாள் சடங்குக்கு வீடு நிறைய ஆட்கள். வால்தம்ஸ்டோவிலிருந்து வந்திருந்த ஓர் உறவுக்கார அம்மா ரஞ்சி அக்காவிடம், "இந்தப் பிள்ளை அப்பவே வேண்டாம் எண்டு சொன்னது. நீதான் கேக்கேல்லை" என்றார். அக்காவின் முகம் செத்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை அவர் ஆயுள் முழுக்கச் சுமப்பார் என்று தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"என்னைச் சாட்சிக்கு இழுக்காதீங்கம்மா. அண்ணன் எழுந்து நடக்கணும்னு நினைச்சாரு. அவர் எப்படியாவது இருந்தாப் போதும்னு நான் நினைச்சேன். நான் சொன்னது கருத்தே இல்ல, ஆசை. அவர் போயிட்டதால அது சரின்னு ஆயிடாது."

ரஞ்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாங்கள் செய்தது பிழையில்லையோ?"

"இல்லக்கா. சரியான முடிவு. தோத்துட்டோம்."

அதுவரை அழாதிருந்த ரஞ்சி அக்கா அப்போதுதான் அழுதார்.

குணா அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: ஒரு முடிவை, அதை எடுத்த நாளில் போய் நின்று பார்ப்பது. அவரோடு எத்தனையோ ஞாயிறுகள் வாதாடியிருக்கிறேன். பலவற்றில் நான்தான் வென்றேன், அவரே ஒப்புக்கொள்வார். இந்தக் கடைசி வாதத்தில் வென்றவர் அவர். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லித் தோற்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.